ஸ்டூல் உயரத்துக்கு இறங்கிய சபர்பன்

விபூதிப் புதன் பூசை முடிந்து கோயில் வாசலில் நடந்ததை நின்ஃபா சல்தீவர் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். நெற்றியில் சாம்பலோடு ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். இவள் தன் சபர்பன் என்கிற பெரிய, உயரமான வண்டியின் கதவைத் திறந்து, மேலே இருந்த பிடியைப் பற்றிக்கொண்டு, நல்ல காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். மற்றக் கால் வரவில்லை. கிறிஸ்துமசுக்கு முன்னால்தான் அந்தப் பக்கத்து இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு எஃகு மூட்டு வைத்திருந்தார்கள். மூட்டு நன்றாகத்தான் இருந்தது, நடந்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவ்வளவு உயரம் ஏற அது சம்மதிக்கவில்லை.

பாடற்குழுவில் அவளோடு பாடுகிற ரொமானாவும் ஒதிலாவும் ஓடிவந்து பின்னாலிருந்து தள்ளினார்கள். தள்ளின தள்ளில் ஒரு பக்கத்துச் செருப்பு கழன்று போயிற்று. அவள் இருக்கையில் குப்புற விழுந்து, இரண்டு காலும் வெளியே தொங்க, மாவு மூட்டை ஏற்றுகிற மாதிரி ஆகிவிட்டது. யாரோ சிரித்தார்கள். நின்ஃபாவால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. பார்த்திருந்தால் அந்த ஆளோடு இன்றுவரை பேச்சு இருந்திருக்காது.

அவள் சாதாரணமாக வண்டி ஓட்டுகிறவள் இல்லை. சான் அந்தோனியோ நகரத்தின் மேற்குப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேரைப் பள்ளிக்கூடத்துக்கு மஞ்சள் பேருந்தில் கொண்டுபோய்ச் சேர்த்தவள். கல்யாணம் ஒன்று பண்ணினாள், அது நிற்கவில்லை. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நாமும் பேச வேண்டாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்த மாதுளை நிறச் சபர்பனை வாங்கினாள். பேருந்து ஓட்டினவளுக்குச் சின்னக் காரில் உட்காருவது தகர டப்பாவுக்குள் உட்காருகிற மாதிரி இருந்ததாம். அதற்கப்புறம் அந்தத் தெருவில் யாருக்கு ஆஸ்பத்திரி, யாருக்கு இழவு வீடு, பாடற்குழுவுக்கு எந்த ஊரில் பூசை என்றாலும் அவள் வண்டிதான். மார்கழிக் குளிரில் தமாலே என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை வேகவைக்கிற அண்டாக்கள்கூட அதில்தான் போகும். வண்டி இல்லாத நின்ஃபாவை யாரும் யோசித்துப் பார்த்ததில்லை. அவளும்தான்.

அவள் தம்பி அபுண்டியோ யோசித்துப் பார்த்துவிட்டான். வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு அவனுடையது. நகரத் தண்ணீர்க் குழாய்த் துறையில் வேலை, ஆள் தண்ணீர்த் தொட்டி மாதிரி இருப்பான், மனசு வெல்லம். அக்காவுக்கு அறுவை நடந்த அன்று சாவியை எடுத்துக்கொண்டு போய்த் தன் சமையலறை ஆணியில் மாட்டினவன், திருப்பித் தரவே இல்லை. அன்று பூசைக்குக்கூட அவன்தான் அவளைத் தூக்கி ஏற்றி ஓட்டிக்கொண்டு வந்தான்; பூசை முடிந்து அவன் வருவதற்குள் இவள் தானே ஏறப் போனதில்தான் அந்தக் கூத்து. அன்று மத்தியானம் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, போதும். வித்துடலாம். கூட வேலை பாக்கிறவன்கிட்ட ஒரு சின்னக் கார் இருக்கு. உனக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"சின்னக் கார்ல உக்காந்தா முட்டி இடுப்புக்கு மேல வருது. கூடவே கூடாதுன்னு பிசியோ சொல்லியிருக்கா."

"இதுல ஏறவே முடியல. அதுல உக்காரக் கூடாது. அப்ப என்னதான் பண்ணலாம்?"

"எனக்கு ஏத்த உயரத்துல ஒண்ணு வேணும்."

"அது கடையில விக்கிறதில்லக்கா."

அவன் போன பிறகு நின்ஃபா சமையலறை மேடை முன்னால், தோர்த்தியா ரொட்டி தேய்க்கும்போது உட்காருகிற உயர ஸ்டூலில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தாள். காலைத் தூக்க வேண்டாம், முட்டியை மடக்க வேண்டாம், பின்பக்கத்தைச் சாய்த்தால் போதும், தானாக உட்கார்ந்துவிடலாம். எழுந்திருப்பதும் அப்படியே. மாற்று மூட்டுக்காரிக்கு இதைவிட நல்ல உயரம் கிடையாது என்று அந்த பிசியோ பெண்ணே மெச்சின ஸ்டூல் அது.

மறுநாள் காலையில் ஒரு கையில் ஊன்றுகோலும் ஒரு கையில் ஸ்டூலுமாக அவள் நகரப் பேருந்தில் ஏறினாள். பேருந்தைச் சாய்த்து இறக்கிக்கொடுத்த ஓட்டுநர் அவளைத் தெரிந்தவர். ஸ்டூலைக் கைநீட்டி வாங்கி முதல் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

சர்சமோரா தெருவில் தோரிபியோவின் பட்டறை இருக்கிறது. தோரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அழகுக்காக வண்டிகளின் உயரத்தைக் குறைத்து இறக்கித் தருவது அவன் தொழில். வாசலில் எப்போதும் நாலு வண்டி, வெயிலில் படுத்த நாய்கள் மாதிரி வயிறு தரையில் படக் கிடக்கும். அவனும் சின்ன வயசில் நின்ஃபாவின் பேருந்தில் போனவன்தான். பின் இருக்கையில் உட்கார்ந்து செய்யாத சேட்டை இல்லை. கடைசியில் அவளுக்கு நேர் பின்னால் முதல் இருக்கையைக் கொடுத்து வழிக்குக் கொண்டுவந்தாள். இப்போது தாடியில் நரை, ஆனாலும் அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"மிஸ்! என்ன மிஸ், ஸ்டூலைத் தூக்கிட்டு?"

"இந்த உயரத்துக்கு என் வண்டியை இறக்கணும்டா."

"யாரு ஓட்டப் போறா? உங்க தம்பி பையனா?"

"நான்தான் ஓட்டப் போறேன். ஏன், எனக்கு ஆகாதா?"

தோரி ஸ்டூலைப் பார்த்தான், ஊன்றுகோலைப் பார்த்தான். விஷயம் புரிந்துவிட்டது. குரலைத் தணித்தான்.

"ஆகும் மிஸ். நல்லாவே ஆகும். பழைய சக்கரத்தையே வெச்சு இறக்கித் தர்றேன். சுலபமான வேலை."

"பழைய சக்கரம் வேண்டாம். பெருசாப் போடு. வாசல்ல அந்தக் கறுப்பு வண்டியில பளபளன்னு நிக்குதே, அதைவிடப் பெருசு."

"மிஸ், சக்கரம் பெருசானா வண்டி மேல ஏறும். நீங்க கேக்கறது கீழ இறங்கணும்னு. ஏத்திட்டு இறக்கணும்னா அடிச்சட்டத்தையே வெட்டணும். எதுக்கு மிஸ் இந்த வம்பு?"

நின்ஃபா ஸ்டூலைக் கீழே வைத்து அதில் உட்கார்ந்துகொண்டாள்.

"சும்மா இறக்கினா என்ன சொல்லுவாங்க? இடுப்பு போன கிழவிக்காக வண்டியை மண்டி போட வெச்சிருக்காங்கன்னு சொல்லுவாங்க. பெரிய சக்கரம் மாட்டினா, வயசான காலத்துல நின்ஃபாவுக்குத் திமிரு ஏறிடுச்சும்பாங்க. எனக்கு ரெண்டாவது போதும்."

தோரி சிரிக்கவில்லை. தாடியைச் சொறிந்துகொண்டே உள்ளே போனான். இருபத்தாறு அங்குலத்தில் ஜோடி ஜோடியாக நாலு சக்கரம், முகம் பார்க்கலாம் போல மின்னுகிறவை, மூலையில் கோணியால் மூடிக் கிடந்தன. வாங்கினவனுடைய பெண்சாதி ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றதால் திரும்பி வந்தவை.

"அவ வேண்டாம்னா எனக்கு வேணும்" என்றாள் நின்ஃபா.

சாவி ஒன்றுதான் பாக்கி. சாயங்காலம் வேலி ஓரம் போய் நின்று தம்பியைக் கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அபுண்டியோ வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அந்தப் பொடிப்பயலுக ஓட்டற மாதிரியா? ஒவ்வொரு மேட்டுலயும் டயர் தகரத்துல கர்ரு கர்ருனு உரசிக்கிட்டுப் போவானுகளே, அப்படியா?"

"உரசாது."

"உரசும் அக்கா! உரசாம ஒண்ணைக்கூட நான் பாத்ததில்ல."

"சரி, பந்தயம் பேசிக்குவோம். உயிர்ப்பு ஞாயிறு அன்னிக்கு என் வண்டியில நானே ஏறி, பாடற்குழுவை ஏத்திக்கிட்டு, சாப்பாடு ஐஸ்பெட்டி எல்லாம் வெச்சு, எல்லாரும் கூடுற பூங்காவுக்கு ஓட்டிட்டு வருவேன். வழியில ஒரு தடவை உரசினாலும் நீயே வித்துடு. நான் வாயைத் திறக்கமாட்டேன்."

"வாயைத் திறக்கமாட்டியா? நீயா?"

"சாவியைக் குடுடா."

கொடுத்தான். நிச்சயமாக ஜெயிப்போம் என்று நினைத்துத்தான் கொடுத்தான்.

தவக்காலம் முழுவதும் சபர்பன் தோரியின் பட்டறையில் கால் இல்லாமல் கட்டைமேல் நின்றது. முன்பக்கம் சக்கரத்தைத் தாங்குகிற துண்டுகளைக் கழற்றி வேறு மாட்டினான். பின்பக்கம் சுருள்வில்களைக் குட்டையாக்கினான். வண்டி இறங்கினால் அச்சு போய் அடிச்சட்டத்தில் முட்டுமே, அதற்காகச் சட்டத்தில் பிறை மாதிரி வெட்டி எடுத்துவிட்டு, வெட்டின இடத்துக்குக் கனமான இரும்புத் தகட்டைப் பற்றவைத்தான். சின்னச் சக்கரமாக இருந்திருந்தால் இந்த வெட்டுக்கு அவசியமே இல்லை என்று வெல்டிங் முகமூடிக்குள்ளிருந்து வாரத்துக்கு ஒருதரம் சொன்னான். நின்ஃபா காது கேட்காதவள்போல இருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும், இறைச்சி தொடாத நாளானதால், பாலாடைக்கட்டியும் திராட்சையும் போட்டு அடுக்கின ரொட்டி இனிப்பைச் செய்துகொண்டு போய்க் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின பெரிய வாரத்தில் சக்கரம் ஏறிற்று. அதன்மேல் டயர், கறுப்பு ரிப்பன் சுற்றின மாதிரி அவ்வளவு ஒல்லி. வண்டியைக் கீழே விட்டதும் தோரி ஸ்டூலை ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான். இரண்டும் ஒரே மட்டம். மேலே ஒரு பலகையைக் குறுக்கே போட்டால் எலுமிச்சம்பழம் உருளாது, அப்படி.

நின்ஃபா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். திரும்பி நின்றாள். பின்பக்கத்தைச் சாய்த்தாள், உட்கார்ந்துவிட்டாள். காலை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே எடுத்துக்கொண்டாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தோரி வேறு பக்கம் திரும்பி, துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தான்.

தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தாள். ஒரு சத்தம் இல்லை. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பேருந்து ஓட்டினவளுக்கு ஆள் இல்லாத வண்டி வண்டியே இல்லை. பெரிய சனிக்கிழமை காலை ரொமானா, ஒதிலா, பாடற்குழுவின் இன்னும் இரண்டு பெண்கள், நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு பூங்கா வழியில் வெள்ளோட்டம் விட்டாள். தண்டவாளம் குறுக்கே போகிற இடத்தில் தெரு வளைந்துகொண்டே மேட்டில் ஏறும். ஸ்டியரிங்கைத் திருப்பி அந்த மேட்டிலிருந்து இறங்கும்போது, கர்ர்ர் என்று ஒரு சத்தம். ரப்பர் கருகின வாடை.

"என்னடி அது?" என்றாள் ரொமானா.

"என் வண்டி போற சத்தம்" என்றாள் நின்ஃபா.

நேரே பட்டறைக்கு விட்டாள். தோரி குனிந்து முன்சக்கரத்துக்கு மேல் கையை விட்டுப் பார்த்தான், பின்பக்கம் போய்ப் பார்த்தான். அப்புறம் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"மிஸ், எத்தனை வருஷமா இந்த வேலை பாக்கறேன். எல்லா வண்டியையும் காலியாத்தான் அளப்பேன். ஏன்னா எங்க ஆளுங்க யாரும் வண்டியில ஜனத்தை ஏத்தறதே இல்ல! ஞாயித்துக்கிழமை தனியா ஒக்காந்து மெதுவாப் போவான், கை காட்டுவான், வீட்டுக்கு வந்து தொடச்சு வெப்பான். பெண்சாதியைக்கூட ஏத்தமாட்டான்."

"நான் ஏத்துவேன்டா."

"தெரியுது மிஸ். பின்னாடி சுருளுக்குள்ள காத்துப் பை வெச்சுத் தூக்கிடலாம். முன்னாடி சக்கரத்துக்கு மேல இருக்கற தகர உதட்டை மடக்கணும், உள்ள பிளாஸ்டிக்கை வெட்டணும். ஆனா பாரம் இருந்தாத்தான் எவ்வளவுன்னு தெரியும்." அவன் பெண்கள் பக்கம் திரும்பினான். "அம்மா, ஒவ்வொருத்தரும் எடையைச் சொல்லிட்டீங்கன்னா அந்த அளவுக்கு மணல் மூட்டை வெச்சுக்கறேன். நீங்க வீட்டுக்குப் போகலாம்."

ரொமானா கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

"என் எடை என் புருஷனுக்கே தெரியாது" என்றாள் ரொமானா.

"டாக்டர் கேட்டதுக்கே நான் சொல்லல" என்றாள் ஒதிலா.

"சுமாரா, ஒரு கணக்குக்கு..." என்று இழுத்தான் தோரி.

"சுமாரா வேற சொல்லணுமா? ஏன்டா, உங்கம்மா எடையைச் சொல்லேன் பாப்போம்!"

கடைசியில் சாப்பாட்டுக்கும் ஐஸ்பெட்டிக்கும் மட்டும் மணல் மூட்டை வைத்தான்; மற்றபடி அவர்களே உட்கார்ந்தார்கள். பொழுதுக்கும் உட்கார்ந்தார்கள். தோரி சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "இந்தப் பக்கம் திருப்புங்க மிஸ், இன்னும், இன்னும், நிறுத்துங்க" என்பான். தகரத்தின் ஓரத்தை உருளை வைத்து மெல்ல மெல்ல உள்ளே மடக்குவான். பிளாஸ்டிக்கைச் சீவி எடுப்பான். உள்ளே இவர்கள் பாட்டுப் பயிற்சி நடத்தினார்கள். மறுநாள் பூங்காவில் ஒருவர் தலையில் ஒருவர் உடைத்து விளையாட வேண்டிய முட்டை ஓடுகளில் கலர் காகிதத் துகளை அடைத்து வாயில் மெல்லிய தாள் ஒட்டினார்கள். வருஷம் முழுக்க உச்சியில் மட்டும் தட்டி உடைத்துச் சேர்த்து வைத்த ஓடுகள். நடுவில் ஒதிலா சிற்றுண்டி வாங்கி வரலாமா என்றாள்.

"யாரும் இறங்கக் கூடாது!" என்று தரையிலிருந்து கத்தினான் தோரி. "சாப்பிடவும் கூடாது! கணக்கு மாறிடும்!"

"ஒரு டாக்கோவுக்குக் கணக்கு மாறுதாம்டி" என்று ரொமானா சிரித்த சிரிப்பில் வண்டி குலுங்கிற்று. அவன் அந்தக் குலுக்கலையும் கவனித்து இன்னும் கொஞ்சம் மடக்கினான்.

உயிர்ப்பு ஞாயிறு விடிந்தது. பூங்காவில் இடம் பிடிக்க ஒதிலாவின் மருமகன் வியாழக்கிழமையே போய்க் கூடாரம் அடித்துவிட்டான். மாட்டுத்தலைக் கறி, சிவப்பு சோடா, உருளைக்கிழங்கு, முட்டை ஓட்டுத் தட்டுகள் எல்லாம் ஏறியாயிற்று. ஐஸ்பெட்டி ஏறியாயிற்று. பெண்கள் நாலு பேரும் நேற்று அளந்த அதே இடத்தில் உட்கார்ந்தார்கள். நின்ஃபா திரும்பி, சாய்ந்து, உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்தாள். எதிர்வீட்டு ஆள் குழாயைப் பிடித்தபடி தன் ஷூவுக்கே தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். அவன் பார்த்தது அவள் இடுப்பை இல்லை, சக்கரத்தை.

அப்போது அபுண்டியோ வேலியைச் சுற்றி வந்தான். இஸ்திரி போட்ட சட்டை.

"நகருங்க, நானும் வர்றேன்."

"உன் வண்டியில பின்னாடி வா" என்றாள் நின்ஃபா.

"பின்னாடி வந்தா சத்தம் எனக்குக் கேக்காதே." அவன் கடைசி வரிசையில் ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் நுழைந்து உட்கார்ந்தான். வண்டி ஒரு பெருமூச்சு விட்டு இன்னும் கொஞ்சம் இறங்கிற்று.

ரொமானா நின்ஃபாவைப் பார்த்தாள். நின்ஃபா கண்ணாடியைச் சரிசெய்தாள்.

அவள் ஓட்டின விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடிச் சாமான் ஏற்றினவள்போல ஓட்டினாள். சாலைக் குழிகளைச் சுற்றி வந்தாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், அடித்தபடியே முந்திப் போகும்போது சக்கரத்தைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அபுண்டியோ தலையை ஜன்னல் பக்கம் சாய்த்துக் காதை நீட்டிக்கொண்டே வந்தான். ஒரு சத்தம் இல்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டியரிங் வழியாக அவள் உள்ளங்கைக்குத் தெரிந்தது, டயருக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு காகிதம் நுழைகிற இடம்தான் இருக்கிறது என்று.

தண்டவாளம் வந்தது. மேடும் வளைவும் சேர்ந்த அந்த இடம். தண்டவாளம் எங்கே வந்தாலும் முழுக்க நிறுத்தி, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கடப்பாள், அது பள்ளிப் பேருந்தின் பழக்கம். நிறுத்தினாள். ஜன்னலை இறக்கினாள். ரயில் இல்லை. அவள் நகரவில்லை.

"அபுண்டியோ, இறங்கு" என்றாள்.

"எதுக்கு?"

"தோரி எங்களைத்தான் அளந்தான். உன்னை அளக்கல. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய் ஏறிக்க."

"அப்ப உரசும்னு நீயே ஒத்துக்கறியா?"

"நீ இருந்தா உரசும். பாடற்குழுவும் சாப்பாடும்னுதானே பேச்சு? உன்னை யாரு பேசினா?"

பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. அபுண்டியோ அசையாமல் உட்கார்ந்திருந்தான். அப்படியே உட்கார்ந்திருந்தால் போதும், அன்றைக்கு அவன் ஜெயித்திருப்பான். அக்காவும் சொன்ன சொல் மாறுகிறவள் இல்லை. கர்ர் என்று ஒரே ஒரு சத்தம், அத்தோடு சாவி அவன் ஆணிக்குப் போயிருக்கும். பின்பார்வைக் கண்ணாடியில் தெரிந்த அக்காவின் முகத்தை அவன் பார்த்தான். அவள் திரும்பவில்லை, கெஞ்சவில்லை. பார்வை தண்டவாளத்தின்மேலேயே இருந்தது.

அவன் கதவைத் திறந்தான். வழக்கமான உயரத்துக்குக் காலை நீட்டினவன், தரை அதற்கு முன்னாலேயே வந்துவிட்டதால் தடுமாறிச் சமாளித்தான். இஸ்திரிச் சட்டையோடு, ஹாரன் சத்தத்துக்கு நடுவில், பெரிய உடம்பை அசைத்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி நடந்தான். அந்தப் பக்கம் போய் நின்று, ரயில் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையை அசைத்தான்.

"வா அக்கா. நேரா வா. இப்பத் திருப்பு. மெதுவா, மெதுவா..."

சபர்பன் ஏறிற்று, வளைந்தது, இறங்கிற்று. முட்டை ஓட்டுத் தட்டுகூட நகரவில்லை. உள்ளே பெண்கள் நாலு பேரும் ஒரே மூச்சில் அல்லேலூயா பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

அபுண்டியோ வந்து ஏறினான். ஏறினான் என்று சொல்வதைவிட, சாய்ந்தான், உட்கார்ந்தான்.

"என் முட்டிக்கும் நல்லாத்தான் இருக்கு" என்றான்.

"உனக்கு வேணும்னா தோரிகிட்டச் சொல்றேன்" என்றாள் ஒதிலா. "ஆனா எடையைச் சொல்லணும்."

பூங்காவில் கூடாரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். கதவைத் திறந்து, கால் இரண்டையும் வெளியே வைத்து, நழுவி நின்றாள். அவள் யாரையும் கூப்பிடவில்லை, யாரும் கை கொடுக்கவும் இல்லை. பக்கத்துக் கூடாரத்துப் பையன்கள் சக்கரத்தைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்துகொண்டு, "இது யாரோட வண்டி?" என்றார்கள்.

"என்னோடது" என்றாள் நின்ஃபா.

அபுண்டியோ பின்னாலிருந்து வந்து அவள் தலையில் ஒரு முட்டை ஓட்டை நசுக்கினான். கலர் துகளெல்லாம் தோளில் கொட்டிற்று.

"அந்தச் சின்னக் கார்க்காரன்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றான்.

திங்கட்கிழமை அவள் பட்டறைக்குப் போனாள். ஸ்டூல் பட்டறையிலேயே இருந்ததால் இத்தனை வாரமும் நின்றுகொண்டே தோர்த்தியா தேய்த்திருந்தாள். தோரி அதைத் துடைத்து வைத்திருந்தான். பின்கதவைத் திறந்து ஸ்டூலை வைத்துவிட்டு, பழக்கத்தில் வண்டியைச் சுற்றிவந்து அவளை ஏற்றிவிடக் கை நீட்டினான்.

அவள் அதற்குள் உட்கார்ந்திருந்தாள்.